குரங்குத் தோலும் சுழியோடியின் தலைக்கவசமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, மழை இரவொன்றில் நான் பார்த்த மிக மட்டமான பேய்ப்படம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதை மறுநாளும் ஒரு தடவை பார்த்ததாக வாய்தவறி எழுதிவிட்டேன். விலைவாசி பற்றியும் பிள்ளைகளின் பரீட்சை பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் அந்த இரண்டு வரிகளுக்கு வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வங்கி ஊழியர்கள். வெள்ளிக்கிழமை இரவில் பிள்ளைகள் உறங்கிய பின், வேண்டுமென்றே தேடிப்பிடித்து மோசமான படங்களைப் பார்ப்போம். அட்டையால் செய்த கட்டடத்தை ரப்பர்ப் பல்லி இடிக்கும்; நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். ஒருநாள் மாமி எழும்பி வந்து சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "படிச்ச பிள்ளையள் பார்க்கிற படமே இது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல நகைச்சுவைப் படத்துக்குக்கூட எங்களுக்கு இவ்வளவு சிரிப்பு வருவதில்லை. ஏன்?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: மாமியின் கேள்வியைத் தொல்காப்பியரிடம் கொண்டுபோனால் அவர் உங்கள் பக்கமே தீர்ப்புச் சொல்வார் என்று நினைக்கிறேன். மெய்ப்பாட்டியலில் அவர் 'எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகைநான் கென்ப' என்று, சிரிப்புப் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறார். இவற்றுள் எள்ளல் ஒன்றே இகழ்ச்சியோடு கூடியது. ஏனைய மூன்றும் ஒருவரின் சிறுபிள்ளைத்தனத்தையும் அறியாமையையும் பிடித்த பிடியை விடாத குணத்தையும் கண்டு பிறக்கும் சிரிப்புகள். மடன் என்பதற்கு உரைகாரர் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று பொருள் கூறுவர். பிறர் எடுத்துக் கொடுத்ததை ஏற்று, ஏற்றதை எக்காரணம் கொண்டும் கைவிடாமலிருப்பது. மட்டமான படம் எடுத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1953இல் அமெரிக்காவில் 'ரொபோ மொன்ஸ்டர்' என்றொரு படம் வெளிவந்தது. நான்கே நாட்களில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தை இயக்கிய ஃபில் டக்கருக்கு அப்போது இருபத்தைந்து வயதளவில்தான் இருக்கும். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஓர் இயந்திர மனிதன் பூமியில் எட்டுப் பேரைத் தவிர எல்லோரையும் கொன்று தீர்த்துவிட்டான் என்பது கதை. ஆனால் இயந்திர மனிதனுக்கு உடை செய்யப் பணம் இல்லை. ஜோர்ஜ் பரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லாக் குரங்கு உடை இருந்ததால், அவரை அழைத்து, அந்த உடையின் மேல் சுழியோடிகள் அணிவது போன்ற தலைக்கவசத்தை மாட்டி, அதில் இரண்டு அன்டெனாக் கம்பிகளையும் பொருத்தி, உலகை அழித்தவன் இவன்தான் என்று கெமராவின் முன் நிறுத்திவிட்டார்கள். அவன் குடியிருக்கும் குகையில் ஓர் இயந்திரம் ஓயாமல் சவர்க்காரக் குமிழிகளை ஊதிக்கொண்டிருக்கும். படத்தின் தொடக்க எழுத்துகளில் அந்தக் குமிழி இயந்திரத்தின் பெயரும் நன்றியோடு இடம்பெறுகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் பகிடியாகப் போயிருக்கும். பிற்பகுதியில் அந்தக் குரங்கு மனிதன் ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளைக் கொல் என்று மேலிடத்திலிருந்து கட்டளை வருகிறது. கடமைக்கும் ஆசைக்கும் நடுவே அகப்பட்டு, வெயில் எரிக்கும் பாறைவெளியில் கைகளை உயர்த்தி அவன் தன்னோடு தானே வாதாடுகிறான். முகம் தெரியாது, வாய் அசையாது, உள்ளே இருப்பவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆயினும் அந்தக் கைகளில் பொய் கிடையாது. பின்னணி இசையைக் கவனித்துப் பாருங்கள். அமைத்தவர் எல்மர் பேர்ன்ஸ்டீன்; மூன்றே ஆண்டுகளில் 'த டென் கமாண்ட்மென்ட்ஸ்' என்ற மாபெரும் படத்துக்கு இசையமைத்த அதே மனிதர். குரங்குத் தோலுக்கு இது போதும் என்று அவர் கையைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

நல்ல படத்தில் நாம் கதையை மட்டும் பார்க்கிறோம், எடுத்தவரின் கை மறைந்திருக்கும். நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் பார்க்கும் படங்களில் கதையோடு, அதை எப்படியாவது எடுத்து முடிக்க அவர்கள் பட்ட பாடும் சேர்ந்தே ஓடுகிறது. 'பிளான் 9 ஃப்ரொம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தின் நட்சத்திரம் பேலா லுகோசி; அவர் 1956 ஓகஸ்டில் இறந்துபோனார். அவரை வைத்து வேறொரு நோக்கத்துக்காக முன்பே எடுத்திருந்த சில நிமிடத் துண்டுகளைக் கதைக்குள் செருகிய இயக்குநர் எட் வூட், மீதிக் காட்சிகளுக்குத் தம் மனைவிக்கு முதுகெலும்புச் சிகிச்சை செய்த வைத்தியரை நடிக்க வைத்தார். வைத்தியரோ லுகோசியைவிட உயரம், முகச்சாயலும் வேறு. அதனால் படம் முழுக்க அவர் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடுகிறார். பணம் கொடுத்தவர்கள் ஒரு பப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். கல்லறையைத் தோண்டுவோர் என்று பொருள்படும் முதற்பெயர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னார்கள். நடிகர் சிலர் ஞானஸ்நானமும் பெற நேர்ந்தது. மேலங்கிக்குள் ஒளிந்து நடக்கும் அந்த மனிதரைப் பார்க்கையில் இவ்வளவும் நம் கண்ணில் படுகிறது. நல்ல நகைச்சுவைப் படம் இந்த இரண்டாவது கதையைத் தராது. உங்கள் சிரிப்பின் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும். மோசமான படங்களில் பெரும்பாலானவை சிரிப்பைத் தருவதில்லை, வெறும் கொட்டாவியைத்தான் தருகின்றன. கையில் இருக்கும் காசுக்குத் தகுந்தபடி ஆசையையும் அடக்கிக்கொண்டவர் எடுத்த படத்தில் நமக்கு வேலையில்லை. வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு உலக அழிவைக் காட்டப் புறப்பட்டவரின் படத்தையே தேடிப் பாருங்கள். மாமியை அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருத்தி, அந்த வைத்தியரின் கதையை முதலில் சொல்லிவிட்டுப் படத்தைப் போடலாம்.

கேள்வி: 'பி' படம் என்பதில் வரும் 'பி' எதைக் குறிக்கிறது? தணிக்கைச் சான்றிதழா, அல்லது தரத்தில் இரண்டாம் வகுப்பு என்று யாராவது புள்ளி போட்டதா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இரண்டும் இல்லை, அது கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த எழுத்து. 1930களின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்கத் தியேட்டர்கள் ஆட்களை இழுப்பதற்காக ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கின. முன்னணி நட்சத்திரங்கள் நடித்தது ஏ படம், கூட ஓடியது பி படம். ஏ படத்தின் வசூலில் இத்தனை வீதம் என்று தயாரிப்பாளர் பங்கு வாங்கினார். பி படத்துக்கோ முன்கூட்டியே பேசிய ஒரு வாடகைதான். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குமேல் ஒரு சதமும் வராது என்றால், லாபம் காண ஒரேயொரு வழி செலவைக் குறைப்பதாகும். ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும் நீளம், ஒரு கிழமைக்குள் படப்பிடிப்பு, வேறு படத்துக்குப் போட்ட செட், பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டிய குதிரைத் துரத்தல் என்று நாம் பார்த்துச் சிரிக்கும் எல்லாமே அந்த வாடகைக் கணக்கிலிருந்து பிறந்தவை.

1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் தம் பிடியில் வைத்திருந்ததற்கு எதிராகத் தீர்ப்பளித்ததும் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. ஏ, பி என்ற சோடி கலைந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1950களில் காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளும், கையில் சில்லறை வைத்திருந்த பதின்ம வயதினரும் இந்தச் சிறு படங்களுக்குப் புதிய சந்தையாக வாய்த்தார்கள். அமெரிக்கன் இன்டர்நெஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் முதலில் படத்தின் பெயரைத் தீர்மானித்து, அடுத்துச் சுவரொட்டியை வரைந்து, அதற்குப் பிறகே கதை எழுத ஆள் தேடிய வழக்கம் சினிமாக்காரர் நடுவே பிரசித்தம். சுவரொட்டியில் இருந்த பூதம் படத்தில் இல்லையே என்று ஏமாந்தவர்கள் அடுத்த சுவரொட்டிக்கும் போய் நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: எனக்கு எழுபது வயதாகிறது. இளவயதில் 'ஜகன்மோகினி' படத்தை வீடியோ டெக்கில் பார்த்துவிட்டு, இரவில் கிணற்றடிக்குத் தனியே போகப் பயந்தவன் நான். சென்ற மாதம் பேரப்பிள்ளைகளுக்கு ஆசையோடு அதைப் போட்டுக் காட்டினேன். பேய் வரும் இடமெல்லாம் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, ஆனால் மனம் என்னவோ போலாகிவிட்டது. நான் அன்று பயந்தது முட்டாள்தனமா?
- தெஹிவளை வாசகர்

பதில்: ஐயா, உங்களோடு சேர்ந்து பயந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களில் ஊரில் நாலைந்து வீட்டார் காசு சேர்த்து ஜெனரேட்டரும் தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, படக்கொப்பி மூன்றைக் கொண்டுவந்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் பார்த்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். முதலாவது குடும்பப் படம், அதற்குப் பெரியவர்கள் அழுவார்கள். இரண்டாவது சண்டைப் படம். மூன்றாவதாக, சிறுபிள்ளைகள் பாதிப்பேர் பாயிலேயே உறங்கிப்போன நேரத்தில், மாயாஜாலப் படம் வரும். பேய் அடுப்படியில் இருந்துகொண்டு தன் கால்களையே விறகாக அடுப்புக்குள் நீட்டிச் சமைக்கும் காட்சி வந்தபோது, என் பக்கத்தில் இருந்த பெரியம்மா தன் கால்களை மெல்லச் சேலைக்குள் இழுத்துக்கொண்டது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்த பி. விட்டலாச்சார்யா 1920இல் உடுப்பியில் பிறந்தவர். உணவுக் கடை நடத்திப் பழகியவர் என்பதால் காசின் அருமை தெரிந்தவர். தெலுங்கில் அவர் எடுத்த மந்திரக் கதைகள் தமிழில் மொழிமாற்றம் பெற்று ஓடின. 1978இல் வந்த 'ஜகன்மோகினி' அவற்றுள் மிகப் பெரிய வெற்றி. சம்பளத்திலோ திகதியிலோ தகராறு செய்யும் நடிகரை, மந்திரவாதியின் சாபத்தால் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு, மீதிப் படத்தை அந்த மிருகத்தை வைத்தே முடித்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அவருடைய படங்களில் மனிதர் விலங்காக மாறும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அதை நம்பாமலிருப்பது கடினம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கெமராவை நிறுத்தி, ஆள் விலகியதும் மீண்டும் ஓட்டி மறையச் செய்வதும், ஒரே படச்சுருளில் இரண்டு தடவை ஒளியேற்றி ஆவியைச் சுவரூடாக நடக்க வைப்பதும் விட்டலாச்சார்யா கண்டுபிடித்த வித்தைகள் இல்லை. ஜோர்ஜ் மெலியே 1896இலேயே பாரிசில் அந்த முதலாவது வித்தையால் ஒரு பெண்ணைக் கதிரையிலிருந்து மறையச் செய்துவிட்டார். எண்பது ஆண்டு பழைய வித்தை உங்களை அச்சுறுத்தியது என்றால், வித்தை நன்றாக இருந்தது என்பதைவிட, அதைச் சுற்றியிருந்த இருட்டும் தெரிந்த குரல்களும் கிணற்றடிக்குப் போகும் தூரமும் நன்றாக இருந்தன என்று கொள்ளலாம். உங்கள் பேரப்பிள்ளைகள் மாடிவீட்டு மண்டபத்தில், மின்விளக்கின் கீழ், பாதிக் கண்ணைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். நீங்கள் இருவகையினரும் பார்த்தது ஒரே படம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவர்களுடைய சிரிப்பையும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை விறகாக்கிச் சமைக்கும் பேய் என்பது எவ்வளவு துணிச்சலான கற்பனை! பெரும் செலவில் கணினியில் செய்யப்படும் இன்றைய பேய்கள் கதவைச் சாத்துவதையும் உத்தரத்தில் ஊர்வதையும் தாண்டிப் போவதில்லை. பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது, எந்தக் காட்சி நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அடுப்பைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: அப்படியானால் நம் நாட்டுக்கூத்தும் ஒருவகையில் பி படம் போலத்தானே? ஆண் பெண் வேடம் கட்டுகிறார், வாள் தகரம், முடி அட்டை.
- வத்தளை வாசகர்

பதில்: இல்லை. கூத்தில் தகர வாள் என்பது ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே தலைமுறைகளாக இருந்துவரும் உடன்பாடு. அதை உருக்கு வாள் என்று நம்ப வைக்க, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் முயன்று தோற்றுப்போகவில்லை. பி படம் நம்ப வைக்க முயல்கிறது, தோற்கிறது, அந்தத் தோல்வியே அதன் சுவை. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தால் கூத்துக்கு அநியாயம், ரப்பர்ப் பல்லிக்கும் அநியாயம்.

கேள்வி: சுறாமீன்கள் சூறாவளியில் பறந்துவந்து ஆட்களைக் கடிக்கும் படவரிசையை நண்பர்களோடு பார்த்தேன். முதற்படத்துக்குச் சிரித்தோம். மூன்றாவதில் எல்லோரும் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். இதுவும் மலிவு, இதுவும் அபத்தம். பிறகேன் அலுக்கிறது?
- பம்பலப்பிட்டி மாணவர்

பதில்: நீங்கள் சொல்லும் 'ஷார்க்நாடோ' 2013இல் ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்காக எடுக்கப்பட்டு, 2018க்குள் ஆறு படங்களாகப் பெருகியது. முதற்படத்தின் பெயரைக் கேட்டவுடனேயே பாதிச் சிரிப்பைச் சிரித்து முடித்துவிடுகிறோம். பிறகு வருவதெல்லாம் அந்தப் பெயரின் விளக்கவுரை.

இந்த விடயத்தை ஒரு நல்ல கட்டுரை முன்பே ஆராய்ந்திருக்கிறது. 1964இல் சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'காம்ப்' என்ற ரசனையைப் பற்றி 58 குறிப்புகளை வெளியிட்டார். (காம்ப் என்றதும் நம்மவர்களுக்கு இராணுவமும் அகதிகளும் நினைவுக்கு வருவார்கள், இது வேறு காம்ப். மிகையும் செயற்கையும் பகட்டும் தலைக்கேறி, அதனாலேயே ரசிக்கத்தக்கதாகிவிடும் தன்மையை அங்கே அந்தச் சொல்லால் குறித்தார்கள்.) தன்னை அறியாமல் அப்படி ஆகிவிட்டதே தூயது என்றும், அறிந்தே அப்படிச் செய்வது பெரும்பாலும் அவ்வளவு நிறைவு தராது என்றும் சொன்டாக் அதில் பிரித்துக் காட்டுகிறார். தொல்காப்பியர் வழியில் சொன்னால், அறியாமல் செய்தவரிடம் பேதைமையும் மடனும் இருக்கும். வேண்டுமென்றே செய்தவரிடம் எள்ளல் ஒன்றே மிஞ்சும். மோசமாக எடுப்பதற்கென்றே எடுத்த படத்தில், எடுத்தவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நமக்கு முன்பே சிரித்துவிடுகிறார். விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரரே முதற் பந்தியில் இருந்து சாப்பிட்டு முடித்துவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அறிந்து செய்யும் பகிடி எல்லாமே பழுது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1970களில் ஜெய்சங்கரை வைத்து 'கங்கா', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' என்று கௌபோய்ப் படங்கள் தமிழில் வந்தன. அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, வாயில் செந்தமிழ் என்று, எந்த நாட்டிலும் இல்லாத ஒரு நாட்டை இயக்குநர் கர்ணன் மிக மும்முரமாகக் கட்டி எழுப்பினார். 2010இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தபோது, அந்த இல்லாத நாட்டைக் கவனமாகச் செலவு செய்து, ஒவ்வொரு பலகையையும் எண்ணி வைத்து மறுபடி கட்டினார். அது கேலிதான். ஆனால் அந்தப் படங்களைச் சிறுவயதில் மனப்பாடமாகப் பார்த்த ஒருவர் செய்த கேலி என்பதால், கேலிக்கு அடியில் நன்றி தெரிகிறது. சுறாமீன் படத்தில் அப்படி எதற்கும் நன்றி சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சொந்தக் காசைப் போட்டு, தானே கதாநாயகனாக நடித்து, தோற்றுப்போன ஒருவரைப் பார்த்து உலகமே சிரிப்பது கொடுமையில்லையா? 'யாருக்கு யாரோ' நாயகனின் பாட்டுத் துண்டுகளை இப்போதும் எல்லோரும் அனுப்பி அனுப்பிச் சிரிக்கிறார்கள்.
- மட்டக்குளி வாசகி

பதில்: இந்தக் கேள்வி என்னை இரண்டு நாட்கள் யோசிக்க வைத்தது. சாம் அண்டர்சன் நடித்து 2007இல் வந்த அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் மிகச் சிலர். இணையத்தில் துண்டு துண்டாகப் பார்த்தவர்களே மிகப் பெரும்பாலானோர். கொடுமை நுழையும் வாசல் அந்தத் துண்டாக்குதலில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஒரு படத்தை முழுவதும் இருந்து பார்ப்பவர், எடுத்தவருக்குத் தம் வாழ்வில் இரண்டு மணித்தியாலத்தைக் கொடுக்கிறார், அவருடைய ஆசையையும் சேர்த்தே காண்கிறார். நாற்பது வினாடி நடன அசைவை மட்டும் பார்த்து அனுப்புபவருக்கு எள்ளலைத் தவிர வேறெதற்கும் நேரம் இருப்பதில்லை.

மேலே நான் சொன்ன எட் வூட் குடிப்பழக்கத்தாலும் வறுமையாலும் நொந்து, வாடகை கொடுக்க முடியாமல் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களில், 1978 டிசம்பரில், தமது 54ஆவது வயதில் இறந்தார். அவருக்கு உலகின் மிக மோசமான இயக்குநர் என்ற பட்டத்தை ஒரு புத்தகம் சூட்டியது 1980இல். அந்தப் பட்டத்தால்தான் அவருடைய படங்கள் ஊர் ஊராக ஓடின. 1994இல் அவர் வாழ்க்கையை டிம் பேர்ட்டன் படமாக்கினார், லுகோசியாக நடித்த மார்ட்டின் லண்டோ ஒஸ்கார் விருது வாங்கினார். வூட் இதில் ஒன்றையும் காணவில்லை. எதிர்மாறாக, 2003இல் 'த ரூம்' எடுத்த டொமி வைசோ, தம் படத்தைப் பார்த்து மக்கள் திரையை நோக்கிப் பிளாஸ்டிக் கரண்டி வீசும் அரங்குகளுக்குத் தாமே நேரில் போய்க் கையசைக்கிறார். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரர், எள்ளல் என்பதை விளக்குமிடத்தில், தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று என்று இரண்டாகச் சொல்வார். வைசோ இரண்டாவது வகையைக் கற்றுக்கொண்டவர். எல்லோருக்கும் அது வாய்க்காது, வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையும் கிடையாது.

ஆகவே கொடுமையா என்றால், சில வேளைகளில் கொடுமைதான். நான் எனக்கென்று வைத்திருக்கும் வழக்கம் ஒன்றே: முழுப் படத்தையும் பார்க்காமல் சிரிப்பதில்லை.

கேள்வி: இலங்கைத் தமிழ்ப் படங்களையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கதைக்கிறார்கள். உங்கள் கருத்து?
- கொழும்பு 13 வாசகர்

பதில்: நான் சேர்க்கமாட்டேன். 1962இல் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்ட காலத்திலிருந்து, நம்மவர்களின் சிறிய செலவு ஒரு வியாபார உத்தியாக இருக்கவில்லை. பக்கத்து நாட்டிலிருந்து வந்திறங்கிய பெரும் படங்களோடு ஒரே ஊரில் டிக்கெட் விற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. பலர் மதராஸ் படத்தைப் பார்த்து அதே பேச்சையும் அதே நடையையும் பின்பற்றியபோது செயற்கை தெரிந்தது உண்மை. ஆனால் வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஆக வளர்ந்து, 1976இல் 'கோமாளிகள்' ஆகத் திரைக்கு வந்த படத்தில் மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஆளுக்கொரு தமிழ் பேசியபோது மக்கள் சிரித்தது, தெரிந்த குரல்களைத் திரையில் கேட்ட மகிழ்ச்சியில். எடுத்தவர்கள் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி சிரிப்பு வந்திருந்தால், அந்தப் படத்துக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். எங்களிடம் ஒரு கைத்தொலைபேசியும் ஓரளவு சேமிப்பும் உண்டு. வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து யானை அளவு கபரகொய்யா (நீருடும்பு) ஒன்று எழுந்து காலி வீதிக்கு வருவதாகக் கதை எழுதியிருக்கிறோம். வீட்டில் விசர் என்கிறார்கள். எடுக்கலாமா?
- பாமன்கடை வாசகர்

பதில்: எடுங்கள் தம்பி, ஆனால் விசர்ப்படம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். அமெரிக்க இயக்குநர் ரோஜர் கோர்மன் 1960இல் 'த லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை, முன்பே போட்டிருந்த செட் ஒன்றில் இரண்டு பகலும் ஓர் இரவுமாக எடுத்து முடித்தார். ஆள் தின்னும் செடியின் கதை அது. ஒத்திகையை முன்கூட்டியே நடத்திவிட்டதால்தான் அந்த வேகம் கைகூடியது. பல் வைத்தியரிடம் வந்து வலிக்காக ஏங்கும் நோயாளியாக அதில் சில நிமிடங்கள் வரும் பையன், பிற்காலத்தில் பெரும் நடிகரான ஜக் நிக்கல்சன். பின்னாளில் பெரும் இயக்குநர்களான கொப்போலா, ஸ்கோர்செசி, ஜேம்ஸ் கமரோன் எல்லோரும் கோர்மனிடம் வேலை பழகியவர்கள். அவர்களிடம் அவர் எதிர்பார்த்தது சிக்கனத்தையும் நேரந்தவறாமையையும்தான். மோசமாக எடு என்று யாரிடமும் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

தொழில்நுட்பமாக இரண்டொரு சொல். 1954இல் 'கொட்சில்லா' எடுத்த ஜப்பானியர், பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமாக்க நேரமும் பணமும் போதாததால், ஓர் ஆளுக்குப் பாரமான உடையை மாட்டி, சிறிய கட்டடங்களின் நடுவே நடக்கவிட்டார்கள். கெமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் காட்டியபோது ஒவ்வொரு அடியிலும் பெரும் பாரம் தெரிந்தது. உங்கள் தொலைபேசியிலும் அந்த வசதி இருக்கிறது. வினாடிக்கு 120 சட்டகத்தில் எடுத்து மெதுவாக ஓட்டுங்கள். கெமராவை நிலத்தோடு நிலமாக வையுங்கள், பல்லியின் தலைக்குமேல் வானம் மட்டும் தெரியட்டும். மூன்று சக்கர வண்டிப் பொம்மைகளைக் காலுக்கு அருகில் வைத்தால் அளவு தானாகக் கூடிவிடும். உயிருள்ள கபரகொய்யாவைப் பிடித்துக் கட்டி நடிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம், வாலால் அடித்தால் எலும்பும் நோகும். உங்களில் ஒருவர் உடை மாட்டிக்கொள்ளட்டும்.

காலி வீதியில் பகலில் கூட்டத்தைக் கூட்டினால் பொலிஸார் வந்து விசாரிப்பார்கள்; அனுமதியைக் கடிதமாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கால்வாய்க் கரைக் காட்சியன்று மழை வந்துவிட்டால் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், மழையில் வரும் பல்லி என்று கதையை மாற்றி எழுதுங்கள். படம் முடிந்ததும் எந்த வீட்டு மொட்டைமாடியில் காட்டப்போகிறீர்கள் என்று எனக்கு எழுதி அறிவியுங்கள். மேலே எழுதியிருக்கும் வங்கித் தம்பதியினரையும், மாமி சம்மதித்தால் மாமியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.